விடுமுறை முடிந்து திரும்பும்போது டேக்கோகிராஃபில் விடுபட்ட நேரத்தைக் கையால் பதிவது எப்படி?

செக்கானூரணி ஓட்டுநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போலந்தில் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறேன். தீபாவளியை ஒட்டி அக்டோபர் நடுவில் விடுப்பு எடுத்து ஊருக்கு வந்தேன். நவம்பர் இறுதியில் திரும்ப வேண்டும். அதற்குள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

விடுப்புக்கு முந்தைய கடைசி நாளில் நிறுவனத்தின் யார்டில் வண்டியை நிறுத்தியபோது, அதே வண்டியை எடுத்துச் செல்ல வேறொரு ஓட்டுநர் காத்திருந்தார். ஆகவே மாலை 4.30 மணிக்கு, ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதியும் டேக்கோகிராஃப் கருவியிலிருந்து என் ஓட்டுநர் கார்டை வெளியே எடுத்துவிட்டேன். அதன் பிறகு யார்டிலேயே வேறொரு டிரெய்லரைக் கழுவி, சரக்குச் சீட்டுகளை அலுவலகத்தில் ஒப்படைத்து, 5.45 மணிக்குத்தான் வேலையை முடித்தேன். அந்த ஒன்றேகால் மணி நேரம் இதுவரை எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை. அடுத்து கார்டைச் செருகும்போது அதையும், அதற்குப் பின் வந்த விடுமுறை முழுவதையும் நானே பதிய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் மூன்று கேள்விகள் உள்ளன. முதலாவது, ஒரு மாதத்துக்கும் மேல் ஊரில் இருந்த காலத்தை ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் பதிய வேண்டுமா, அல்லது ஒரே பதிவாகப் போடலாமா? இரண்டாவது, இங்கே நம் நேரம் வேறு, அங்கே நேரம் வேறு, கருவியின் அச்சுத்தாளில் வரும் நேரம் இன்னொன்று. இவற்றில் எதைக் கொண்டு கணக்கிடுவது? மூன்றாவது, நான் ஓட்டப்போகும் வண்டி இப்போது யார்டில் இல்லை. ஜெர்மனியில் ஒரு நிறுத்தத்தில் நிற்கிறதாம். போலந்தில் இறங்கி நிறுவனத்தின் விடுதியில் ஓர் இரவு தங்கியபின், மறுநாள் காலை 6 மணிக்கு அவர்களே வேனில் அழைத்துச் சென்று வண்டியருகே விடுவார்கள். ஓட்டம், பிற வேலை, காத்திருப்பு, ஓய்வு எனக் கருவியில் உள்ள நான்கு குறிகளில் அந்த வேன் பயணத்தை எதில் பதிவது? வேனில் தூங்கிக்கொண்டுதானே போகிறோம், அதனால் அது ஓய்வுதான் என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வடகரை எழுதியது:

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 165/2014 எண் ஒழுங்குமுறையில் 34 ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. ஓட்டுநர் வண்டியை விட்டு விலகியிருந்ததால் கருவியில் பதிய முடியாமற்போன நேரத்தை, டிஜிட்டல் கருவியாக இருந்தால் அதிலுள்ள கைப்பதிவு வசதியைக் கொண்டு கார்டில் ஏற்ற வேண்டும். வட்டத்தாள் போடும் பழைய கருவியாக இருந்தால் தாளிலேயே தெளிவாக, அழுக்குப்படாமல் எழுத வேண்டும் என்பது அதன் சாரம்.

கைப்பதிவு என்பது ஏற்கெனவே பதிவானதைத் திருத்தும் வசதி அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். கார்டு கருவிக்குள் இருந்த நேரத்தில் என்ன பதிவானதோ அது பதிவானதுதான். நிறுத்தத்தில் படுத்திருந்தபோது குறியை மாற்ற மறந்து அது 'பிற வேலை' என்று விழுந்திருந்தாலும், பிறகு கைப்பதிவால் அதை மாற்ற இயலாது. கார்டு வெளியே இருந்த இடைவெளியை மட்டுமே நாம் நிரப்ப முடியும். கருவி, கடைசியாகக் கார்டு வெளியேறிய நேரத்தையும் இப்போது செருகிய நேரத்தையும் காட்டி, இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளாகப் பிரிக்கத் தேவையில்லை. ஓய்வு, ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு ஆகிய எல்லாமே படுக்கைக் குறியின் கீழ்தான் வருகின்றன; எனவே தொடர்ச்சியான விடுமுறை ஒரே நீண்ட பதிவாக அமையலாம். 'இதுவரை ஓய்வா?' என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கும் கருவிகளும் உண்டு. அதற்கு 'ஆம்' என்று சொன்னால் கார்டை எடுத்த நொடியிலிருந்து செருகிய நொடிவரை அனைத்தும் படுக்கைக் குறியாகிவிடும். உங்கள் நிலையில் அதற்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, துண்டு துண்டாகப் பதியும் வழிக்குச் செல்ல வேண்டும். முதல் துண்டு, டிரெய்லர் கழுவிய ஒன்றேகால் மணி நேரம். அது குறுக்காக வைத்த இரட்டைச் சுத்தியல் குறியில், அதாவது 'பிற வேலை'யில் வர வேண்டும். அதன் முடிவில் வேலைநாள் முடிந்த நாடாகப் போலந்தைக் கொடுங்கள். அங்கிருந்து வேன் புறப்படும் காலை 6 மணிவரை படுக்கைக் குறி. இந்தியா என்று எங்கும் தேடாதீர்கள். வேலைநாள் எந்த நாட்டில் தொடங்கியது, எந்த நாட்டில் முடிந்தது என்பதுதான் கேள்வி, நீங்கள் எங்கே பொங்கித் தின்றீர்கள் என்பதன்று.

நேரக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கருவி தன்னுள் எல்லாவற்றையும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. அச்சுத்தாளிலும் அந்த நேரமே வருகிறது. ஆனால் கைப்பதிவின்போது திரையில் கேட்கப்படுவது, அந்தக் கருவியில் அமைக்கப்பட்டிருக்கும் உள்ளூர் நேரம். நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போலந்து கோடையில் இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் ஒரு மணி நேரமும் முன்னால் இருக்கிறது. இந்திய நேரத்தை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம். இங்கே நீங்கள் வேலை எதுவும் செய்யாததால் அதற்கு அவசியமும் இல்லை.

ஆனால் உங்களுக்கென்றே ஒரு சிக்கல் உள்ளது, கவனியுங்கள். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுகிறார்கள். நீங்கள் கார்டை எடுத்தது அதற்கு முன். செருகப்போவது அதற்குப் பின். எனவே கோடை நேரத்தில் 4.30 மணிக்கு எடுத்த கார்டை, குளிர்கால நேரத்துக்கு மாற்றப்பட்ட கருவி 3.30 மணிக்கு எடுத்ததாகக் காட்டும். யூடிசியில் இரண்டும் ஒன்றே, பிற்பகல் 2.30. உங்கள் நாட்குறிப்பில் 5.45 என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதற்காகச் சுத்தியல் குறியை 5.45 வரை இழுத்தால், ஒன்றேகால் மணி நேர வேலை இரண்டேகால் மணி நேரமாகப் பதிவாகிவிடும். ஆகவே திரையில் காட்டும் கார்டு எடுத்த நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தைக் கூட்டி, 4.45 என்று முடியுங்கள். வேறு ஓட்டுநர் அந்தக் கருவியின் உள்ளூர் நேரத்தை மாற்றாமல் விட்டிருக்கவும் கூடும் என்பதால், செருகியவுடன் திரையில் உள்ள உள்ளூர் நேரத்தையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பதிந்து முடிக்கும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். சக்கரம் உருண்டதும் கைப்பதிவு அந்த இடத்திலேயே அறுந்துவிடும்; எதையும் அழுத்தாமல் விட்டுவிட்டாலும் கருவி காத்திருக்காது. எனவே என்னென்ன துண்டுகள், எந்த நேரம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கார்டைச் செருகுங்கள்.

மாட்டுத்தாவணி எழுதியது:

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. விடுப்பு முடிந்து வருபவர்கள் பெரும்பாலும் 'இதுவரை ஓய்வு' என்பதை அழுத்திவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு முன் ஒன்றேகால் மணி நேரம் டிரெய்லர் கழுவியதை எந்த அதிகாரி தோண்டப்போகிறார்? கார்டில் பதிவுக் கோடு அறாமல் இருந்தால் போதும் என்பதே நடைமுறை.

ரிங்ரோடு எழுதியது:

மாட்டுத்தாவணி நண்பர் சொல்வதுபோல் நடப்பது உண்மைதான். அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கோடு அறாமல் இருப்பதைவிட, கோடு சொல்வது மற்றத் தாள்களோடு ஒத்துப்போவதுதான் சாலைச் சோதனையில் பார்க்கப்படுகிறது. முன்பெல்லாம் சோதனை நாளோடு அதற்கு முந்தைய 28 நாள்களின் பதிவைக் காட்டினால் போதும். 2024 டிசம்பர் 31 முதல் அது முந்தைய 56 நாள்களாகிவிட்டது. அக்டோபர் நடுவில் நடந்தது நவம்பர் இறுதியிலும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. டிரெய்லர் கழுவிய ரசீதில் நேரம் அச்சாகியிருக்கும், சரக்குச் சீட்டை ஒப்படைத்த நேரம் அலுவலகத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கார்டு 'படுக்கை' என்று சொன்னால், அதைப் பொய்ப்பதிவு என்று எழுத அதிகாரிக்கு வேறு சாட்சி தேவையில்லை. பதியாமல் விட்டதற்கும் தவறாகப் பதிந்ததற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

வேன் பயணத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் உண்மையில் கனமான பகுதி இதுதான். 561/2006 எண் ஒழுங்குமுறையின் 9 ஆவது பிரிவின்படி, வண்டி ஓட்டுநரின் வீட்டிலும் இல்லாமல், அவர் வழக்கமாகச் சார்ந்திருக்கும் நிறுவன மையத்திலும் இல்லாமல் வேறிடத்தில் நின்றால், அதைப் பொறுப்பேற்கச் செல்லும் பயண நேரத்தை ஓய்வாகவோ இடைவேளையாகவோ கணக்கிடக் கூடாது. விலக்கு ஒன்றே ஒன்று: கப்பலிலோ ரயிலிலோ சென்று, அதில் படுக்கை வசதியும் கிடைத்திருக்க வேண்டும். வேனின் பின்னிருக்கையில் குறட்டை விட்டாலும் அது அந்த விலக்கில் சேராது. ஆகவே உடன் வேலை செய்பவர் சொன்னது தவறு. அந்த நேரத்தைச் சுத்தியல் குறியில் பதிவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. வேனை நீங்களே ஓட்டிச் சென்றால் அதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

இது வெறும் குறி பற்றிய பேச்சன்று. காலை 6 மணிக்கு வேன் புறப்படும்போதே உங்கள் 24 மணி நேரக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அந்த 24 மணி நேரத்துக்குள் 11 மணி நேரத் தினசரி ஓய்வு முடிந்திருக்க வேண்டும் என்பதால், அன்று மாலை 7 மணிக்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஓய்வை 9 மணி நேரமாகக் குறைத்துக்கொண்டால் இரவு 9 மணிவரை நீட்டலாம்; ஆனால் ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்த வாராந்திர ஓய்வுக்கும் இடையில் மூன்று முறைக்கு மேல் அப்படிக் குறைக்க முடியாது. வேன் பகல் 1 மணிக்கு வண்டியருகே சேர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், முழு ஓய்வு எடுக்க விரும்புபவருக்கு ஆறு மணி நேரமே மிஞ்சும். அதிலும் நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை உண்டு. வேன் நேரத்தைப் படுக்கைக் குறியில் பதிந்தால், 1 மணிக்குத்தான் வேலைநாள் தொடங்கியதுபோலத் தோன்றும். உங்களுக்கு வேலை ஒதுக்கும் அலுவலகத்தார் அப்படியே எண்ணி, ஒன்பது மணி நேர ஓட்டத்துக்குச் சரக்கு போட்டுவிடுவார்கள். முதல் நாளே நள்ளிரவுவரை ஓட்ட வேண்டிய நிலை அங்கிருந்துதான் வருகிறது. வேன் நேரத்தைச் சரியாகப் பதிந்து, அதை முன்கூட்டியே அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வேலை நேரம் பற்றிய 2002/15 எண் நெறியாணையையும் மறக்க வேண்டாம். ஓட்டமும் பிற வேலையும் சேர்ந்து, இடைவேளையே இல்லாமல் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஏழு மணி நேர வேன் பயணம் சுத்தியல் குறியில் விழுமானால், வழியில் வேனை நிறுத்தி அனைவரும் இறங்கிச் சாப்பிட்ட அரை மணி நேரத்தை உண்மையான இடைவேளையாகத் தனியே பதியலாமா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானப் பயணத்துக்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டாம். ஊரிலிருந்து நிறுவன மையம்வரை நீங்கள் வருவது உங்கள் விடுப்பின் முடிவில் நடக்கும் சொந்தப் பயணம். அதன் பிறகு விடுதியில் ஓர் இரவும் இருக்கிறது.

கப்பலூர் லாரி ஆபீஸ் எழுதியது:

நாங்கள் கப்பலூரில் இருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் அனுப்புகிறோம். எங்கள் வண்டிகளில் டேக்கோகிராஃப் இல்லை. டிரிப் ஷீட்டில் ஓட்டுநர் கையால் எழுதுவதுதான் பதிவு. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர், டீசல் என்று மட்டுமே இருந்த அந்தத் தாளில், நீங்கள் பேசும் நான்கு குறிகளைப் பார்த்து ஓட்டம், வேலை, காத்திருப்பு, ஓய்வு என்று நான்கு பத்திகள் சேர்த்தோம். நம் நாட்டிலும் இது புதிய சிந்தனை அன்று. 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பிட்டு, ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று எழுதிவைத்தது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதன் 91 ஆவது பிரிவில் ஓட்டுநரின் வேலை நேரத்தை அந்தச் சட்டத்தோடு இணைத்தது. எழுதி வைப்பதற்குத்தான் ஆளில்லை.

எங்கள் தொல்லை காத்திருப்புப் பத்தியில் இருக்கிறது. துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்தை ஓட்டுநர்கள் சிலர் ஓய்வு என்றும், சிலர் வேலை என்றும் எழுதுகிறார்கள். அங்கே இதை எப்படிப் பிரிக்கிறார்கள்?

ரிங்ரோடு எழுதியது:

அங்கே குறுக்குக் கோடு போட்ட சதுரக் குறி ஒன்று உண்டு. அழைத்தால் வருவதற்கு ஆயத்தமாக இருக்கும் நேரம் என்று அதற்குப் பொருள். ஆனால் காத்திருக்கும் நேரமெல்லாம் அதில் சேராது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது ஓட்டுநருக்குப் புறப்படும் முன்போ, காத்திருப்பு தொடங்கும் முன்போ தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் வண்டியிலேயே கட்டுண்டு கிடக்கவும் கூடாது. வரிசை எப்போது நகரும் என்று தெரியாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சினை முடுக்கி ஒரு வண்டி நீளம் முன்னேறுகிறவருக்கு அது வேலைதான். உங்கள் தாளிலும் இப்படியே வைத்துக்கொள்ளலாம்: 'மூன்று மணி நேரம் கழித்து வா' என்று டோக்கன் கொடுத்து அனுப்பினால் காத்திருப்பு, வரிசையில் ஸ்டீயரிங்கை விட்டு எழ முடியாவிட்டால் வேலை. ஓய்வு என்று எழுத வேண்டுமானால் அந்த நேரம் முழுக்க அவருடைய விருப்பத்துக்கு விடப்பட்டதாக இருக்க வேண்டும்.

செக்கானூரணி ஓட்டுநர் எழுதியது:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. கடிகாரம் மாறும் விஷயம் என் மனத்தில் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சிறு ஐயங்கள். ஒருவேளை பதிந்துகொண்டிருக்கும்போது பாதியில் அறுந்துபோனால், பிறகு அதை எப்படிச் சரிசெய்வது? மேலும், விடுப்பில் இருந்ததற்கு நிறுவனத்திடம் தனியாக ஒரு சான்றுப் படிவம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கைப்பதிவு செய்த பிறகும் அது வேண்டுமா?

வடகரை எழுதியது:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். விடுப்பு, நோய் முதலியவற்றைக் குறிக்கும் படிவம் ஒன்றை ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டிருந்தது. ஆனால் வண்டியை விட்டு விலகியிருந்த நேரத்துக்கு அத்தகைய படிவத்தை உறுப்பு நாடுகள் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று அதே 34 ஆவது பிரிவே சொல்கிறது. கைப்பதிவு ஒழுங்காக இருந்தால் அதுவே போதுமானது. நிறுவனம் தானாகக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வதில் தீங்கில்லை. ஆனால் இதை, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத ஓட்டுநர்களுக்காக நிறுவனம் பெற்றுத் தரும் ஓட்டுநர் சான்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு, அது வண்டியில் எப்போதும் இருக்க வேண்டிய தாள். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நம்மவர்கள் சிலர் இருந்துவிடுகிறார்கள்.

பாதியில் அறுந்துபோனால், பதியாமல் விட்ட பகுதி கார்டில் கேள்விக்குறியாக நிற்கும். என்ன செய்தார் என்று தெரியவில்லை என்பதே அதன் பொருள். பின்னால் வேறொரு நாளில் கார்டைச் செருகினாலும் அந்தப் பழைய இடைவெளியைக் கருவி மறுபடி கேட்காது. அப்போது செய்யக்கூடியது, அன்றைய நாளின் அச்சுத்தாளை எடுத்து, அதன் பின்புறத்தில் விடுபட்ட நேரத்தையும் அந்த நேரத்தில் செய்ததையும், பதிவு ஏன் விடுபட்டது என்பதையும் கையால் எழுதி, பெயரும் கார்டு எண்ணும் குறித்துக் கையொப்பமிடுவதுதான். கார்டு உள்ளே இருக்கும்போது குறியை மாற்ற மறந்து தவறாக விழுந்த நேரத்துக்கும் இதே வழிதான். கார்டே பழுதாகிவிட்டால் பயணத்தின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக அச்சுத்தாள் எடுத்து, அவற்றில் இப்படியே எழுத வேண்டும். கார்டு இல்லாமல் அப்படி ஓட்டுவது அதிகபட்சம் 15 நாள்களுக்குத்தான் பொருந்தும், ஏழு நாள்களுக்குள் மாற்றுக் கார்டுக்கு விண்ணப்பித்தும் இருக்க வேண்டும்.

அச்சுத்தாளில் நேரம் யூடிசியில் இருக்கும் என்று முன்பே சொன்னேன். பின்புறத்தில் கையால் எழுதும்போது, நீங்கள் எழுதும் நேரம் உள்ளூர் நேரமா யூடிசியா என்பதையும் பக்கத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சோதிப்பவர் ஒரு மணி நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ படிக்க நேரும்.

பையில் உதிரி அச்சுச் சுருள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் வெப்பத்தில் எழுத்துப் பதியும் வகை. வெயில் படும் கண்ணாடியோரத்தில் செருகி வைத்தால் எழுத்து மங்கிவிடும். 56 நாள்கள் வைத்திருக்க வேண்டிய தாள் என்பதால், ஒரு காகித உறையில் போட்டு மூடிய பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறைகள் சில அந்த எழுத்தை அழித்துவிடுகின்றன.